நூறு பறவை, கணக்கில் 18

பறவைகள் விஷயத்தில் நாம் நம்புவது எண்களை. கணக்கெடுப்பு முடிந்ததும் 'சென்ற ஆண்டைவிட அதிகம்' என்று ஒரு வரி வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வனத்துறைக்கும் நல்ல பெயர், பத்திரிகைக்கும் ஒரு தலைப்பு. மரபணுப் பன்மைக்கு இந்த வசதி கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரை வைத்துப் பார்த்தாலும், எதிர்க் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை தன் முன்னோரிடமிருந்து எதைப் பெற்றது, எதை இழந்தது என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சங்கதி என்பதால் அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் பாதியைச் சொல்பவர்கள் பறவைகள் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள்தான்.

"எண்ணிக்கை ஏறிவிட்டது, இனிக் கவலையில்லை"

மொரீஷியஸ் தீவில் இளஞ்சிவப்புப் புறா ஒன்று உண்டு. டோடோ வாழ்ந்து அழிந்த அதே தீவு. டோடோவும் புறாக் குடும்பத்துப் பறவைதான். கரும்புக்காகக் காடு போயிற்று. கப்பலேறி வந்த எலியும் பூனையும் குரங்கும் கூடுகளைச் சூறையாடின. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டில் மிஞ்சியவை பத்துப் புறாக்கள் அளவில்தான். நல்லவேளையாக 1970களிலேயே சில புறாக்களைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றின் சந்ததியைக் காட்டில் விட்டார்கள். எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் ஆபத்து நிலையை இரண்டு முறை குறைத்தார்கள். பாதுகாப்புத் துறையில் இதைவிட நல்ல செய்தி அபூர்வம்.

2022ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 1993 முதல் 2008 வரையிலான மாதிரிகளையும், ஐரோப்பிய, அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளில் வளர்ந்த 1,112 புறாக்களின் வம்சாவளிப் பதிவேட்டையும் வைத்துச் செய்த ஆய்வு. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மரபணுப் பன்மை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது என்பது அதன் முடிவு. பராமரிப்பைக் கைவிட்டால் நூறு ஆண்டுகளுக்குள் இந்தப் புறா காட்டிலிருந்து மறைந்துவிடும் வாய்ப்பே அதிகம் என்றும் கணினிக் கணக்குகள் காட்டின.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தப்பிப் பிழைத்த சில பறவைகளிடம் இல்லாத மரபணு வகை, அவற்றின் ஐந்நூறு பேரப்பிள்ளைகளிடமும் இருக்காது. தொலைந்த வகை திடீர்மாற்றத்தால் மறுபடி தோன்ற ஆயிரக்கணக்கான தலைமுறைகள் பிடிக்கலாம். அதுவரை கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் நமக்குச் சொல்லும் காரணம்தான் இங்கும். தீங்கான மரபணு வகைகள் பெரும்பாலும் ஒடுங்கிக் கிடப்பவை. தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் அதே வகை வந்து சேரும்போதுதான் தலைதூக்கும். நமக்காவது வெளியூரில் பெண் பார்க்க வழியுண்டு. பத்துப் புறாக்களின் சந்ததிக்கு வெளியூரே கிடையாது.

எண்ணிக்கை ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணம், தலை எண்ணும்போது எல்லாத் தலைக்கும் ஒரே மதிப்பு கொடுக்கிறோம். அமெரிக்க மரபியலாளர் செவால் ரைட் 1931லேயே இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். இனப்பெருக்கம் செய்யும் ஆண்களையும் பெண்களையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இருவரின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு புல்வெளியில் 50 சேவல், 50 பெட்டை, ஆக நூறு பறவைகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சேவல்களுக்கு மட்டுமே ஜோடி அமைகிறது. கணக்கைப் போட்டால் விடை 18. கணக்கெடுப்பில் நூறு, மரபணுவின் கணக்கில் 18. அந்த நிலையில் தலைமுறைக்கு ஏறத்தாழ மூன்று சதவீதப் பன்மை கரைந்துபோகும். பத்துத் தலைமுறையில் கிட்டத்தட்ட கால் பங்கு காலி. இளஞ்சிவப்புப் புறாவிலும் இப்படிக் கணக்கிட்டு வந்த எண், உண்மையான எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது.

"வெளியிலிருந்து கொண்டுவந்தால் இனத் தூய்மை கெடும்"

நான் மேலே சொன்ன சேவல் கணக்கு கற்பனை என்றாலும், அப்படி வாழும் பறவைகள் உண்டு. அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழும் பெரிய பிரெய்ரி கோழி அவற்றில் ஒன்று. வசந்த காலத்தில் விடிவதற்கு முன்பே சேவல்கள் புல் குட்டையான ஒரு திடலில் கூடிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு மண் சொந்தம். கழுத்தின் இருபுறமும் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காற்றுப் பைகள் உப்பும். கழுத்து இறகுகள் கொம்பு மாதிரி நிமிரும். தலையைத் தாழ்த்திக் கால்களால் தரையைப் படபடவென்று மிதித்தபடி அடித்தொண்டையிலிருந்து ஒரு முழக்கம். காற்று சாதகமாக இருந்தால் மைல் தாண்டிக் கேட்கும். பெட்டைகள் நிதானமாக நடந்து வந்து பார்க்கும். பெரும்பாலான பெட்டைகள் ஒன்றிரண்டு சேவல்களையே தேர்ந்தெடுக்கும். மற்றவை அடுத்த நாளும் வந்து மிதித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இல்லினாய் மாநிலத்தில் இந்தக் கோழிகள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தன. எஃகுக் கலப்பை வந்தது. புல்வெளி மக்காச்சோள வயலானது. 1962ல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த கூட்டத்தில் 2,000 கோழிகள். 1994ல் 50க்கும் கீழ். இத்தனைக்கும் நடுவில் சும்மா இருக்கவில்லை. நிலம் வாங்கிப் புல் வளர்த்தார்கள், வேட்டையாடும் விலங்குகளைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனாலும் கோழிகள் குறைந்துகொண்டே போயின. விடை முட்டையில் இருந்தது. முன்பு நூற்றுக்கு 93 முட்டை பொரித்த இடத்தில், இப்போது பாதிகூடப் பொரிக்கவில்லை. கூட்டில் முட்டை இருக்கிறது, பெட்டை அடைகாக்கிறது, குஞ்சு மட்டும் வருவதில்லை.

அருங்காட்சியகங்களில் 1930களிலிருந்து பாடம் செய்து வைத்திருந்த இல்லினாய்க் கோழிகளின் மரபணுவை எடுத்து ஒப்பிட்டார்கள். சோதித்த ஒவ்வொரு மரபணு இடத்திலும் பழைய கோழிகளில் சராசரியாக 5.2 வகைகள் இருந்தன. மிஞ்சிய கூட்டத்தில் 3.7. கான்சாஸ், நெப்ராஸ்கா, மின்னசோட்டாவில் பெரிய கூட்டங்களாக வாழ்ந்த இதே கோழிகளிடம் அந்த இழப்பு இல்லை. (பாடம் செய்த பறவைகளைப் பார்த்து 'செத்த பறவையை வைத்து என்ன ஆராய்ச்சி' என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இழுப்பறைகளில் இருக்கும் பறவைத் தோல்களுக்கும் இதே மதிப்புதான்.)

1992 முதல் சில ஆண்டுகளில் அந்த மூன்று மாநிலங்களிலிருந்தும் 271 கோழிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இல்லினாய்க் கோழி இல்லினாய்க் கோழியாகவே இருக்க வேண்டாமா என்ற வாதம் அது. முட்டைகள் அந்த வாதத்துக்குப் பதில் சொல்லின. பொரிக்கும் விகிதம் மறுபடி 90 சதவீதத்தைத் தாண்டியது.

எஃகுக் கலப்பை வருவதற்கு முன் இந்தக் கோழிகள் எல்லாம் தடையில்லாமல் கலந்து வாழ்ந்த ஒரே கூட்டம். வேலி போட்டது மக்காச்சோளம். மனிதன் போட்ட வேலியால் உருவான வேறுபாட்டைத் 'தூய்மை' என்று கொண்டாடுவதில் அர்த்தம் இல்லை, அது தேய்மானம்.

கதை சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. புல்வெளி பெரிதாகவில்லை, கோழிகள் மறுபடி குறைந்தன; 2014ல் கான்சாஸிலிருந்து மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. புது ரத்தம் கால அவகாசத்தைத்தான் வாங்கித் தரும், நிலத்தை அல்ல.

"அப்படியானால் கலப்பது எப்போதும் நல்லது"

இதுவும் தவறு, சொல்லப்போனால் முந்தையதைவிட ஆபத்தான தவறு. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போனால் போதும்.

இரண்டு ஊரிலும் சோலைக்காடு உண்டு. இரண்டிலும் தரையோரமாக, புதர் இருட்டுக்குள் தத்தித் திரியும் நீலநிறக் குருவி ஒன்று உண்டு. பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். சோலைக்கிளி என்கிறோம். நீண்ட காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரு சாயல்களாகப் பறவை நூல்கள் எழுதிவந்தன. நடுவே இருப்பது பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். பறக்கத் தெரிந்த பறவைக்கு முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமா என்று தோன்றும். 'பறவைகளுக்கு எல்லை இல்லை' என்ற வாசகம் அச்சடித்த சட்டையைப் பறவை ஆர்வலர்களே போட்டுக்கொள்கிறார்கள். சோலைக்கிளிக்கு எல்லை உண்டு. குளிர்ந்த சோலையின் நிழலை விட்டு வெயில் காயும் சமவெளிக்கு அது இறங்குவதில்லை.

பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவரோடு பணியாற்றியவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒன்பது இடங்களில் 23 வகை மலைப்பறவைகளிடம், மொத்தம் 356 பறவைகளின் மரபணுவைப் படித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். 23ல் 10 வகைகளில், மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அவற்றுள் சிலவற்றில் சிறிய கணவாய்களிலும் பிற்காலப் பிளவுகள் தெரிந்தன. 2017ல் சோலைக்கிளிகளுக்கும் இம்மலைகளின் சிரிப்பான் என்னும் பறவைகளுக்கும் இரண்டு புதிய பேரினங்களே வகுக்கப்பட்டன. நீலகிரிச் சோலைக்கிளி வேறு, கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனியிலும் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி வேறு. சிரிப்பான்கள் நான்கு: பாணாசுர மலையில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, ஆனைமலை, பழனிப் பக்கம் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரில் ஒன்று. கேரளத்தின் பாணாசுர மலைச் சிரிப்பானின் உலகம் முழுவதும் வயநாட்டை ஒட்டிய சில சிகரங்களில் அடங்கிவிடும்.

நாளைக்கு ஒருவர், 'நீலகிரியில் குறைகிறதாமே, கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து விடலாமே' என்று நல்லெண்ணத்தோடு சொன்னால், அவர் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியாக வளர்ந்த இரண்டு வம்சங்களை ஒன்றாகக் கரைக்கச் சொல்கிறார் என்று பொருள். அதே நீலகிரிக்குள், தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் துண்டு துண்டாக்கிய சோலைகளை மறுபடி இணைக்கச் சொன்னால், அது நியாயமான கோரிக்கை. பிரித்தது யார், எப்போது பிரித்தது என்பதுதான் கேள்வி.

கலப்பு கேடாக முடிந்ததற்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வீட்டுக்கோழியின் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழி வட இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை வாழ்கிறது. வளர்ப்புக் கோழி காட்டோரம் மேய, இரண்டும் கூடிவிடுகின்றன. நூறாண்டுப் பழைய அருங்காட்சியக மாதிரிகளையும் இன்றைய பறவைகளையும் ஒப்பிட்டு 2023ல் வந்த ஆய்வு, இன்றைய சிவப்புக் காட்டுக்கோழிகளின் மரபணுத் தொகுதியில் 20 முதல் 50 சதவீதம் வரை வீட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்கிறது. பழைய மாதிரிகளில் அது சொற்பம். எண்ணிக்கையில் குறையே இல்லை. காட்டில் பறவை கூவுகிறது, ஓடுகிறது. ஆனால் காட்டுக்கோழி என்ற சரக்கு உள்ளே பாதியாகிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. வீட்டுக்கோழியின் கால் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு வகை, சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல; தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது என்று 2008ல் தெரியவந்தது. உலகத்துக் கறிக்கடைகளில் தொங்கும் மஞ்சள் தோலுக்கு ராயல்டி கேட்க நம் காட்டுக்கு உரிமை இருக்கிறது.

"கோடிக்கணக்கில் இருந்தால் பன்மை தானாக இருக்கும்"

வட அமெரிக்கப் பயணப் புறா 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி காட்சிசாலையில் இறந்தது. அருங்காட்சியகத் தோல்களிலிருந்து எடுத்த மரபணுவைப் படித்தவர்கள், அத்தனை பெரிய கூட்டத்துக்கு இருக்க வேண்டிய அளவு பன்மை அதனிடம் இல்லை என்று 2017ல் காட்டினார்கள். மாபெரும் கூட்டத்தில் இயற்கைத் தேர்வு மிக வேகமாக வேலை செய்யும். நல்ல வகை ஒன்று பரவும்போது பக்கத்தில் இருந்த வேறுபாடுகளையும் துடைத்துக்கொண்டு போய்விடும். கோடிக்கணக்கில் வாழப் பழகிய பறவைக்குச் சில ஆயிரமாக வாழத் தெரியாமல் போயிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். கொன்றது துப்பாக்கியும் வலையும்தான்; அதில் சந்தேகம் வேண்டாம்.

"பன்மை போய்விட்டதா, அந்த இனத்துக்குச் செலவழிப்பது வீண்"

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் வேஷம் நன்றாகப் பொருந்தும் என்பதால் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். பணம் குறைவு, பிழைக்கிற இனத்துக்குக் கொடுப்போம் என்ற தர்க்கம்.

தெற்குக் கடல்களைச் சுற்றிவரும் அலையும் ஆல்பட்ராஸ், மரபணுப் பன்மையில் பரம ஏழை. 2007ல் வந்த ஆய்வின்படி, அதற்கும் அதன் உறவான ஆம்ஸ்டர்டாம் ஆல்பட்ராஸுக்கும் இந்த வறுமை இரண்டும் பிரிவதற்கு முன்பே, அதாவது எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. அத்தனை காலம் தாக்குப்பிடித்த பறவையை இன்று மிரட்டுவது மீன்பிடிக் கப்பல்களின் நீளத் தூண்டில்கள்.

நியூசிலாந்தின் பறக்காத கிளி காக்கபோ 1995ல் 51தான். 2022ல் 250ஐத் தொட்டது. அதன் 49 மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கடல் மட்டம் உயர்ந்து சுமார் பத்தாயிரம் ஆண்டுகளாக ஸ்டூவர்ட் தீவில் தனித்துக் கிடந்த கூட்டத்தில், பெருநிலத்தில் வாழ்ந்து அழிந்த கூட்டத்தைவிடத் தீங்கான வகைகள் குறைவு. மெதுவாகச் சுருங்கிய சிறு கூட்டத்தில் கெட்ட வகைகள் வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்தவை செத்து, மிச்சம் சற்றே சுத்தமாகிவிடுவதுண்டு. திடீரென்று நொறுங்கும் கூட்டத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பன்மை எவ்வளவு என்பதோடு, எந்த வேகத்தில் போனது என்பதையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். மொரீஷியஸ் வல்லூறு 1974ல் நான்கே நான்கு. அதையும் கைவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றும் பறக்கிறது.

"நாம் கைகொடுத்தால் நல்லதுதான் நடக்கும்"

நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டரில் சாத்தம் தீவுகள். அங்கே உடம்பு முழுக்கக் கறுப்பான ராபின் குருவி. 1980ல் உலகத்தில் மிஞ்சியவை ஐந்து. அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெண் ஒன்றே ஒன்று. காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் ஓல்டு புளூ என்று பெயர். டான் மெர்ட்டனும் அவரது குழுவும் செய்தது துணிச்சலான காரியம். ஓல்டு புளூவின் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து டாம்டிட் என்ற வேறு குருவியின் கூட்டில் வைத்தார்கள். முட்டை போனதும் தாய்க்குருவி மறுபடி இடும். இப்படி ஒரு பருவத்தில் இரண்டு மூன்று ஈடு. இன்று வாழும் சில நூறு கருப்பு ராபின்களும் ஓல்டு புளூவுக்கும் ஓல்டு யெல்லோ என்ற ஆணுக்கும் பிறந்தவற்றின் வாரிசுகள்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இதன் இரண்டாம் பாதி 2013ல்தான் வெளிவந்தது.

மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோது சில பெண் குருவிகள் முட்டையைக் கூட்டின் குழிக்குள் இடாமல் விளிம்பில் இட்டன. விளிம்பில் கிடக்கும் முட்டை அடைகாக்கும் சூட்டுக்கு எட்டாது. அப்படியே விட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உலகத்தில் இருப்பதே கைவிரல் அளவு குருவிகள் என்னும்போது யார்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? களப்பணியாளர்கள் முட்டையை மெல்ல உள்ளே தள்ளிவைத்தார்கள். பொரித்தது. அடுத்த ஆண்டும் அதையே செய்தார்கள். 1989ல் கணக்குப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட பெண் குருவிகள் விளிம்பில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

அது பழக்கமல்ல, பரம்பரை. மொத்த இனத்துக்கும் வம்சாவளிப் பதிவு இருந்ததால் ஆய்வாளர்களால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பள்ளிப் பாடத்தில் பட்டாணிச் செடிக்குப் படித்தோமே, அதே மெண்டல் கணக்கில் ஓர் ஓங்கு பண்பாக அது இறங்கி வந்திருந்தது. இயற்கையில் அந்த வகையைச் சுமந்த குருவிக்கு வாரிசே இருந்திருக்காது. மனித விரல் அதற்கு வாரிசுகளைக் கொடுத்தது. இன்னும் சில ஆண்டுகள் போயிருந்தால், ஒவ்வொரு கூட்டுக்கும் ஆள் போய் முட்டையைத் தள்ளினால்தான் பிழைக்கும் என்ற நிலைக்கு ஓர் இனமே வந்திருக்கும். தள்ளுவதை நிறுத்தினார்கள். விளிம்பு முட்டைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

முட்டையை உள்ளே தள்ளியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று தள்ளாமல் விட்டிருந்தால் ஆராய்ச்சி செய்யக் குருவியே இல்லாமல் போயிருக்கலாம். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியது பெரிய விஷயம். இருந்தாலும் இந்தக் குருவி முழுசாகத் தப்பிவிடவில்லை. நெருங்கிய உறவுக்குள் பெருகியதன் பாதிப்பு அதில் கடுமையாக இருக்கிறது என்று 2014ல் இன்னோர் ஆய்வு சொன்னது.

"கூண்டில் இருக்கிறதே, பத்திரம்தானே"

கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகு 1987ல் காட்டில் ஒன்றுகூட இல்லை. உலகில் மிஞ்சிய 27ம் கூண்டில்தான் வளர்ந்தன. குஞ்சுகள் வந்தபோது சில, எலும்பு வளர்ச்சி குன்றி முட்டைக்குள்ளேயே இறந்தன. ஒடுங்கிக் கிடந்த ஒரு மரபணு வகை, மூதாதைகள் சிலவற்றிலிருந்தே வந்தது. அதன் பிறகு யாரோடு யாரை ஜோடி சேர்ப்பது என்பதை வம்சாவளி பார்த்தே முடிவு செய்கிறார்கள். இன்று காட்டிலும் கூண்டிலுமாக 500க்கு மேல். எல்லாவற்றின் மரபணுவையும் பதிவு செய்து வைத்திருந்ததால் 2021ல் ஒரு வேடிக்கையும் வெளியானது: இரண்டு குஞ்சுகளுக்கு அப்பாவே இல்லை. ஆண் கழுகு பக்கத்தில் இருந்தும் தாய்ப் பறவைகள் தனியாகவே பெற்றிருக்கின்றன.

கூண்டு காலத்தைக் கடத்த உதவும். உள்ளே நுழைந்த பறவைகளிடம் என்ன இருந்ததோ அதை மட்டும்தான் அது காப்பாற்றும். மரபணு ஆய்வு என்றாலே பறவையைப் பிடித்து ரத்தம் எடுக்க வேண்டும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: உதிர்ந்த இறகின் அடிக்குழல், பொரித்த முட்டை ஓட்டின் உள்சவ்வு, எச்சம் இவற்றிலிருந்தே இப்போது பெருமளவு செய்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் ஹைதராபாதில் அழிநிலை உயிரினங்களுக்கென்றே உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) லாகோன்ஸ் ஆய்வகம் இருக்கிறது.

கானமயிலுக்கு வருவோம். ஒரு காலத்தில் தமிழகப் புல்வெளி வரை பரவியிருந்த பறவை. இன்று நாடு முழுவதும் 150க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானின் தார் பகுதியில். பெண் கானமயில் வழக்கமாக ஒரு முட்டைதான் இடும். பிரெய்ரி கோழியைப் போலவே சில ஆண்களே பெரும்பாலான ஜோடிகளைப் பெறும் வகை. ஐந்து மாநிலங்களிலிருந்து சேர்த்த மாதிரிகளில் தாய்வழி மரபணுவின் பன்மை மிகக் குறைவு என்று 2011லேயே தெரிந்துவிட்டது. ஜெய்சல்மேர் பக்கம் சாம் என்ற இடத்தில் 2019ல் தொடங்கிய இனப்பெருக்க மையத்தில் 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது. நல்ல செய்திதான். குஜராத்தின் கச்சிலோ, ஒரு கட்டத்தில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெண் பறவைகள் மட்டும், ஆண் இல்லை. கணக்கெடுப்பில் அவையும் எண்ணாகத்தான் வந்தன. ரைட்டின் கணக்கில் அவற்றின் மதிப்பு பூஜ்ஜியம்.

மரபணுவைப் பற்றி இவ்வளவு பேசியபின் இதையும் சொல்ல வேண்டும்: கானமயிலை இன்று கொல்வது உறவுக் கலப்பு அல்ல, மின்கம்பி. பக்கவாட்டுப் பார்வை கொண்ட கனமான பறவை, எதிரே வரும் கம்பியைக் கடைசி நொடியில்தான் பார்க்கிறது. கம்பியைத் தரைக்குள் கொண்டுபோவதும், புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதித் தள்ளாமல் இருப்பதும் முதல் வேலை. மரபணுத் திட்டம் அதற்குப் பக்கத்தில் நடக்க வேண்டியது, அதற்குப் பதிலாக அல்ல.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணக்கெடுப்புக்குப் போகும்போது எத்தனை பறவை என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆணா பெண்ணா, ஜோடியாக இருந்ததா, கூடு கட்டியதா, இரை சுமந்து போனதா, கூடவே இளம்பறவை இருந்ததா என்பதையும் குறியுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் செயலியில் இதற்கென்றே இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கின்றன; நம்மில் பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. கூட்டை நெருங்காமல், தூரத்திலிருந்து பார்த்தே நிரப்பலாம். அடுத்த பட்டியலிலிருந்து அதையும் நிரப்பி அனுப்புங்கள்.